அடர்வு மிகுந்த பக்கம்தான் தண்ணீர் போகுமா?

பிளஸ் ஒன் படிக்கும் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "அடர்வு குறைந்த கரைசலிலிருந்து அடர்வு மிகுந்த கரைசலுக்குத் தண்ணீர் போவதுதான் சவ்வூடு பரவல் என்று சின்ன வகுப்பிலிருந்து படித்து வருகிறேன். இப்போது நீரியல் திறன் என்று புதிதாக ஒன்று வருகிறது. அது ஏன் மைனஸிலேயே இருக்கிறது? ஒரு கணக்கில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு செல்கள். 'அ' செல்லின் கரைபொருள் திறன் −1.0, அழுத்தத் திறன் 0.6. 'ஆ' செல்லுக்கு −0.8, 0.1. அடர்வு அதிகம் 'அ'வில்தான். ஆனால் தண்ணீர் 'அ'விலிருந்து 'ஆ'வுக்குப் போகும் என்று விடை போட்டிருக்கிறார்கள். அச்சுப் பிழையா?"

அச்சுப் பிழை இல்லை, விடை சரிதான். நீங்கள் படித்து வந்த விதிதான் பாதி விதி. திசில் புனலில் சவ்வைக் கட்டிச் சர்க்கரைக் கரைசலை ஊற்றி பீக்கருக்குள் வைக்கிறோமே, அந்தச் சோதனையைத் தொடங்கும்போது அது அச்சுப் பிசகாமல் பொருந்தும். ஏனென்றால் அங்கே அந்த நேரத்தில் கரைசலை யாரும் அழுத்திப் பிடித்திருக்கவில்லை. தாவரச் செல்லுக்கு வந்தால் சுற்றிலும் ஒரு சுவர் இருக்கிறது. சுவர் அழுத்துகிறது. அடர்வை மட்டும் பார்க்கிறவர்கள் அந்த அழுத்தத்தைக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். இத்தனை வருடம் தாவரவியல் சொல்லிக்கொடுத்ததில் இந்த ஓர் இடத்தில் சறுக்காத பிள்ளைகளை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். நானும் படிக்கும்போது சறுக்கியவன்தான்.

தண்ணீர் பள்ளத்தைத் தேடும் என்பார்கள். வாய்க்காலில் பள்ளம் என்பது தரைமட்டம். செல்லில் பள்ளம் என்பது நீரியல் திறன் குறைந்த இடம். தண்ணீர் எவ்வளவு கட்டில்லாமல் இருக்கிறது, வேலை செய்ய அதனிடம் எவ்வளவு ஆற்றல் மிச்சம் இருக்கிறது என்பதன் அளவுதான் நீரியல் திறன். அதை எழுதப் பயன்படும் 'சை' என்ற கிரேக்க எழுத்து பார்ப்பதற்குத் திரிசூலம் மாதிரி இருக்கும். அலகு மெகாபாஸ்கல். ஒரு மெகாபாஸ்கல் என்றால் வளிமண்டல அழுத்தத்தைப் போலச் சுமார் பத்து மடங்கு. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 0.2 மெகாபாஸ்கல்தான் வரும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இதையே 'நீர் உள்ளார்ந்த திறன்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. இலங்கையில் படித்தவர்கள் 'நீரழுத்தம்' என்பார்கள். அதைப் பார்த்துவிட்டுத் தண்ணீரின் பிரஷர் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே பிரஷருக்கு 'அமுக்கம்' என்று தனிச் சொல் இருக்கிறது. மின்னழுத்தம் என்று நாமும் சொல்கிறோமே, அந்தப் பொருளில் வரும் அழுத்தம் இது. பேசாமல் நாமும் அமுக்கத்தை எடுத்துக்கொண்டிருந்தால் வகுப்பில் பாதிக் குழப்பம் குறைந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சரி, மைனஸ் எங்கிருந்து வந்தது? மலையின் உயரத்தைச் சொல்ல கடல்மட்டத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொள்கிறோம் இல்லையா, அதே மாதிரி சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் இருக்கும் தூய நீருக்குப் பூஜ்யம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அதில் எதைக் கரைத்தாலும் தண்ணீரின் சுதந்திரம் குறையும். உப்போ சர்க்கரையோ கலந்து கிடக்கும் தண்ணீர், அந்தக் கலவையை விட்டு வெளியே வருவதற்கு முன்பு போலத் தயாராக இருப்பதில்லை. பூஜ்யத்திலிருந்து குறைத்தால் மைனஸ்தானே வரும்? ஆனால் 'மைனஸிலேயே இருக்கிறது' என்பது முழுக்கச் சரியில்லை. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து பத்து மீட்டர் கீழே மூடியிருக்கும் குழாயில் நிற்கும் தண்ணீருக்கு அழுத்தத் திறன் சுமார் 0.1 மெகாபாஸ்கல், பிளஸ்ஸில். உயிருள்ள செல்லுக்குள் எப்போதும் ஏதாவது கரைந்திருக்கும், அதனால் அங்கே மைனஸையும் மிஞ்சிப்போனால் பூஜ்யத்தையும்தான் பார்ப்பீர்கள்.

மைனஸ் எண்ணில் எது பெரிது என்பதில் அவசரத்தில் எல்லோரும் தடுமாறுவார்கள். கடனை நினைத்துக்கொள்ளுங்கள். நானூறு ரூபாய் கடன்காரன், எழுநூறு ரூபாய் கடன்காரனைவிட வசதியானவன். −0.4 மேடு, −0.7 பள்ளம். இப்போது உங்கள் கணக்கைப் போடலாம். கரைந்த பொருளால் இறங்கும் அளவு கரைபொருள் திறன், அழுத்தத்தால் ஏறும் அளவு அழுத்தத் திறன். இரண்டையும் கூட்டினால் நீரியல் திறன். 'அ' செல்லுக்கு −1.0 + 0.6 = −0.4. 'ஆ' செல்லுக்கு −0.8 + 0.1 = −0.7. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு, அதாவது 'அ'விலிருந்து 'ஆ'வுக்கு. 'அ'வில் சரக்கு அதிகம் கரைந்திருப்பது உண்மை. ஆனால் அதன் சுவர் 0.6 அளவுக்கு நெருக்கித் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் போகப் போக 'அ'வின் அழுத்தம் இறங்கும், 'ஆ'வின் அழுத்தம் ஏறும். இரண்டு செல்லும் ஒரே அளவு, சுவர்களும் ஒரே விறைப்பு என்றால் நடுவில் −0.55ஐ ஒட்டி இரண்டும் சமமாகி நிற்கும். அப்போதும் அடர்வு 'அ'வில்தான் அதிகமாக இருக்கும் என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் அப்பாவோ தாத்தாவோ தாவரவியல் படித்திருந்தால் அவர்கள் 'டிபிடி' என்று ஒன்றைச் சொல்வார்கள். பரவல் அழுத்தப் பற்றாக்குறை. 1938ல் மேயர் கொண்டுவந்த சொல். சவ்வூடு பரவல் அழுத்தத்திலிருந்து (கரைபொருள் திறனேதான், மைனஸ் இல்லாமல்) விறைப்பழுத்தத்தை (சுவர் நெருக்குவதால் செல்லுக்குள் ஏறும் அழுத்தம்) கழித்தால் டிபிடி. எல்லாம் பிளஸ் எண்கள், டிபிடி அதிகமான பக்கம் தண்ணீர் போகும். 1960ல் ஸ்லாட்டயரும் டெய்லரும் இதை வெப்ப இயக்கவியலின் மொழிக்கு மாற்றி எழுதியபோது குறி தலைகீழானது, அவ்வளவுதான். ஆனால் ஒரு பெரிய லாபம் வந்தது. மண், வேர், தண்டு, இலை, வெளிக்காற்று எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பேச முடிந்தது.

இனி ஒவ்வொரு பகுதியாகப் பார்ப்போம். கரைபொருள் திறனைக் கணக்கிட வாண்ட் ஹாஃப் சமன்பாடு இருக்கிறது. வேதியியலுக்கான முதல் நோபல் பரிசை 1901ல் வாங்கியவர் அவர். தாவரவியலாளர் ஃபெஃபர், நுண்துளைப் பாத்திரத்தின் சுவரில் செயற்கைச் சவ்வை உருவாக்கிச் சர்க்கரைக் கரைசலின் அழுத்தத்தை அளந்து 1877ல் வெளியிட்டிருந்தார். அந்த எண்களைப் பார்த்துத்தான் வாண்ட் ஹாஃப், நீர்த்த கரைசல்களும் வாயு விதியைப் போன்ற ஒரு விதிக்குக் கட்டுப்படுகின்றன என்று கண்டார். அறை வெப்பம் 25 டிகிரியில் கணக்கு எளிது: லிட்டருக்கு எத்தனை மோல் (துகள்களை எண்ணும் வேதியியல் அலகு) துகள்கள் கரைந்திருக்கின்றனவோ அதை 2.48ஆல் பெருக்கி முன்னால் மைனஸ் போடுங்கள். மெகாபாஸ்கலில் விடை வந்துவிடும்.

இதில் துகள்களின் எண்ணிக்கைதான் முக்கியம், அவற்றின் பருமன் கணக்கில் வராது. ஒரு மோல் சர்க்கரை ஒரு மோல் துகள். ஒரு மோல் சமையல் உப்பு சோடியம், குளோரைடு என்று பிரிந்து ஏறக்குறைய இரண்டு மோல் துகள் ஆகிவிடும். உருளைக்கிழங்கு ஏன் சர்க்கரையை மாவுச்சத்தாக மாற்றிச் சேமிக்கிறது என்பதற்கான ஒரு காரணமும் இங்கேதான் இருக்கிறது. ஆயிரக்கணக்கான குளுக்கோஸைக் கோத்து ஒற்றைத் துகளாக்கி மணிமணியாக ஒதுக்கிவிட்டால் நீரியல் திறனை அது அசைப்பதே இல்லை. கிழங்கில் 15 சதவீதம் மாவுச்சத்து இருக்கிறது என்று வைத்து, அது அத்தனையும் குளுக்கோஸாகவே கரைந்து கிடந்தால் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கரைபொருள் திறன் கூடுதலாக −2.5ஐயும் தாண்டி இறங்கும். அந்தக் கிழங்கை ஈர மண்ணில் விட்டால் செல்சுவர்கள் என்ன பாடுபடும்!

இதை வீட்டிலேயே அளக்கலாம். உருளைக்கிழங்கைத் தோல் சீவி, விரல் நீளத்துக்கு ஒரே மாதிரி குச்சிகளாக வெட்டிக்கொள்ளுங்கள். ஆறு டம்ளர்களில் வெவ்வேறு அடர்வுள்ள சர்க்கரைக் கரைசல். முதலாவதில் வெறும் தண்ணீர். பிறகு 100 மில்லி கரைசலுக்கு 3.4 கிராம் சர்க்கரை (இது 0.1 மோலார்), 6.8, 10.3, 13.7, 17.1 என்று ஏற்றிக்கொண்டே போங்கள். குச்சிகளை எடைபோட்டு உள்ளே இறக்கி, இரண்டு மணி நேரம் கழித்து எடுத்துத் துடைத்து மறுபடி எடைபோட வேண்டும். நகைக்கடைத் தராசு வேண்டாம், 0.1 கிராம் காட்டும் சமையலறைத் தராசு போதும். குச்சி மட்டும் கொஞ்சம் பருமனாக இருக்கட்டும். தராசு இல்லாவிட்டாலும் கை சொல்லும். வெறும் தண்ணீரில் கிடந்தது விறைத்து, வளைத்தால் பட்டென்று உடையும். கடைசி டம்ளரில் கிடந்தது ரப்பர் மாதிரி தொய்ந்து வளையும்.

நடுவில் ஏதோ ஓர் அடர்வில் எடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்று இருக்கும். கிழங்குக்குக் கிழங்கு இது மாறும். 0.3 மோலாரில் அப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம். 0.3ஐ 2.48ஆல் பெருக்கினால் 0.74. அந்தக் கரைசலின் நீரியல் திறன் −0.74 மெகாபாஸ்கல். தண்ணீர் எந்தப் பக்கமும் நகரவில்லை என்பதால் கிழங்கின் நீரியல் திறனும் அதேதான். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, தேர்வில் மதிப்பெண் போவது இதில்தான்: நீங்கள் கண்டுபிடித்தது கிழங்கின் மொத்த நீரியல் திறனை. அதன் கரைபொருள் திறனை அல்ல. செல்லில் கொஞ்சம் விறைப்பழுத்தம் மிச்சம் இருந்திருந்தால் கரைபொருள் திறன் அதைவிடக் கீழே இருக்கும்.

அடுத்தது அழுத்தத் திறன். சைக்கிள் டியூபையும் டயரையும் நினைத்துக்கொள்ளுங்கள். டயர் இல்லாமல் வெறும் டியூபில் காற்றடித்தால் ஓரிடத்தில் புடைத்து, கடைசியில் வெடிக்கும். டயருக்குள் போட்டு அடித்தால் ஓர் அளவுக்கு மேல் பருமன் ஏறாது, இறுக்கம்தான் ஏறும். செல்சவ்வு டியூப் என்றால் செல்சுவர் டயர். கரைபொருள் திறன் −0.8 உள்ள, விறைப்பே இல்லாத ஒரு செல்லைத் தூய நீரில் போடுகிறோம். உள்ளே −0.8, வெளியே 0. தண்ணீர் உள்ளே பாய்கிறது. சுவர் அதிகம் விரியாத ரகம் என்றால் கொஞ்சம் தண்ணீர் நுழைந்ததுமே அழுத்தம் எகிறும். 0.2, 0.4, 0.6 என்று ஏறி 0.8ஐ ஒட்டி வரும்போது உள்ளே கூட்டுத்தொகை பூஜ்யம். தண்ணீர் நின்றுவிடும். (உள்ளே நுழைந்த தண்ணீர் கரைசலைச் சற்று நீர்க்கச் செய்யும், அதனால் உண்மையில் 0.8க்குக் கொஞ்சம் முன்பே நிற்கும்.)

இப்போது பாருங்கள்: செல்லுக்குள் சர்க்கரையும் உப்பும் ஏராளம், வெளியே சுத்தமான தண்ணீர். ஆனாலும் தண்ணீர் நிகரமாக உள்ளே போவதில்லை. பழைய விதி இந்த நிலையை விளக்கவே முடியாது. முழு விறைப்பில் இருக்கும் செல்லின் நீரியல் திறன் பூஜ்யம் என்று புத்தகத்தில் ஒற்றை வரியில் போட்டுவிடுகிறார்களே, அதன் அர்த்தம் இதுதான். இன்னொன்று, 0.8 மெகாபாஸ்கல் என்றால் கார் டயரைப் போல நான்கு மடங்கு இறுக்கம். அத்தனையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு செல்லுக்குள். தார் ரோட்டின் ஓரத்தைப் புல் விரிசலாக்கிக்கொண்டு வருவது எப்படி என்று யாராவது கேட்டால் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

நேர்மாறாக, தண்ணீரை வெளியே இழுத்தால் என்ன ஆகும்? பள்ளி ஆய்வகத்தில் ரியோ இலையில் காட்டுவார்கள். ரியோ கிடைக்காவிட்டால் பெரிய வெங்காயம் போதும். கருஞ்சிவப்பாக இருக்கும் சதையிதழின் வெளிப்புறத் தோலைச் சின்னதாக உரித்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரில் பரப்பி, கவர் ஸ்லிப்பால் மூடுங்கள். நுண்ணோக்கியில் செங்கல் அடுக்கிய மாதிரி செல்கள், ஒவ்வொன்றும் விளிம்பு வரை ஊதா நிறம். இப்போது 100 மில்லிக்கு ஐந்து கிராம் உப்புக் கரைத்த நீரைக் கண்ணாடியின் ஒரு பக்கத்தில் சொட்டிவிட்டு, எதிர்ப்பக்கம் மைத்தாளை வைத்து உறிஞ்சுங்கள். அந்த உப்புநீரின் திறன் −4ஐ ஒட்டி இருக்கும்.

முதலில் ஒன்றும் நடக்காத மாதிரி தெரியும். அந்த நேரத்தில் விறைப்பழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கிறது, அது கண்ணுக்குத் தெரியாது. பிறகு செல்லின் மூலைகளில் ஊதா நிறம் விலகும். பெட்டிக்குள் வைத்த பலூனில் காற்று இறங்குவது போல மூலைகள் முதலில் வெளுத்து, ஊதா உருண்டையாகச் சுருங்கி நடுவில் ஒதுங்கும். சுவர் மட்டும் போட்ட கோடு மாதிரி அப்படியே நிற்கும். பிளாஸ்மா சிதைவு என்கிறோமே, இதுதான். சிதைவு என்ற சொல் எனக்குப் பிடிக்காது, ஏனென்றால் எதுவும் சிதையவில்லை; இலங்கைக்காரர்கள் சொல்லும் முதலுருச் சுருக்கம் நடப்பதை அப்படியே சொல்கிறது. சீக்கிரமே உப்புநீரை உறிஞ்சி எடுத்துவிட்டு நல்ல தண்ணீரை விட்டால் ஊதா மறுபடி விரிந்து சுவரைத் தொடும்.

சவ்வு சுவரை விட்டு விலகத் தொடங்கும் அந்தத் தருணத்தில் விறைப்பழுத்தம் பூஜ்யம். அப்போது செல்லின் நீரியல் திறனும் கரைபொருள் திறனும் ஒன்றே. பாதி செல்களில் விலகல் தொடங்கியிருக்கும் கரைசல் எது என்று தேடினால் கரைபொருள் திறன் தனியாகக் கிடைத்துவிடும். உருளைக்கிழங்கில் பிடிபடாதது இங்கே பிடிபடுகிறது. அப்புறம், சுருங்கிய ஊதாவுக்கும் சுவருக்கும் இடையே இருக்கும் இடைவெளியில் என்ன இருக்கிறது என்று செய்முறைத் தேர்வில் கேட்பார்கள். காற்று என்று சொல்லாதீர்கள். சுவர் உப்பை வடிகட்டாது, வெளியே இருக்கும் உப்புநீர்தான் அங்கே நிரம்பியிருக்கும்.

மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டுப் பிசறி ஜாடியில் வைத்தால் மறுநாள் தண்ணீர் விட்டு நிற்பதும் இதே கதை. வெள்ளரிக்காய்ப் பச்சடியில் உப்பைக் கடைசியில் போடச் சொல்வதும் அதற்காகத்தான். தேன் கெடாமல் இருப்பதற்கு முக்கியக் காரணமும் இதுவே. அதன் திறன் மைனஸ் எழுபதை ஒட்டி இருக்கும், அதில் விழுந்த நுண்ணுயிர் தன் தண்ணீரைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. ஆனால் காய்ந்த கொண்டைக்கடலை ஊறுவதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அங்கே தண்ணீரை முதலில் இழுப்பது உலர்ந்த புரதத்தின், மாவுச்சத்தின், சுவரின் பரப்பு. அதற்கு உள்ளீர்த்தல் என்று பெயர். அதனால்தான் முளைக்கும் திறனை இழந்த செத்த கடலையும் ஜோராக ஊறிப் பருக்கிறது.

விலங்குச் செல்லுக்குச் சுவர் கிடையாது, டயர் இல்லாத டியூப். அழுத்தத் திறன் பெயருக்குத்தான், அதனால் இங்கே பழைய விதியே ஒப்பேறும். மருத்துவமனையில் ஏற்றும் நார்மல் சலைன் 0.9 சதவீத உப்பாக இருப்பது ஏன் என்றால், உடல் வெப்பத்தில் அதன் திறனும் ரத்தத்தின் திறனும் ஏறக்குறைய ஒன்று, −0.75 மெகாபாஸ்கலை ஒட்டி. அதற்குப் பதில் தூய நீர் ரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்கள் தண்ணீரை உறிஞ்சி உப்பி வெடிக்கும்.

சிவப்பணு என்றதும் பீட்டர் ஆக்ரேயின் கதை நினைவுக்கு வருகிறது. ரீசஸ் ரத்த வகைப் புரதத்தைத் தேடிக்கொண்டிருந்தவர் அவர். கூடவே யாரும் கேட்டிராத வேறொரு புரதம் சிவப்பணுச் சவ்வில் ஏராளமாக இருப்பதைக் கண்டார். அது என்ன வேலை செய்கிறது என்று தெரியவில்லை. 1992ல் அவரது குழு அந்தப் புரதத்தைச் செய்யவைக்கும் ஆர்என்ஏவைத் தவளை முட்டைச் செல்களுக்குள் செலுத்தியது. தவளை முட்டைச் செல் நன்னீரில் கிடந்தாலும் எளிதில் உப்பாது, அதன் சவ்வு தண்ணீரை அவ்வளவு லேசில் விடாது. ஆனால் ஆர்என்ஏ செலுத்திய செல்களை நீர்த்த கரைசலில் போட்டதும் மளமளவென்று உப்பி சில நிமிடங்களில் வெடித்தன. அக்வாபோரின் என்ற நீர்வழிப் புரதம் இப்படித்தான் தெரியவந்தது. 2003ல் அவருக்கு நோபல் பரிசு, ராடரிக் மக்கினனுடன் பகிர்ந்து. இதில் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது, அக்வாபோரின் ஒரு கதவு மட்டுமே. அது தண்ணீரை எந்தப் பக்கமும் தள்ளுவதில்லை. எந்தப் பக்கம் போவது என்பதை நீரியல் திறன் தீர்மானிக்கிறது. எவ்வளவு வேகமாகப் போவது என்பதில்தான் அக்வாபோரினுக்குப் பங்கு.

இப்போது முழுச் செடிக்கு வருவோம். தண்ணீர் பாய்ச்சி வடிந்த வயல் மண்ணின் திறன் −0.03ஐ ஒட்டி இருக்கும். வேரில் அதைவிடக் குறைவு, தண்டில் இன்னும் குறைவு, நண்பகலில் இலையில் −1 வாக்கில். வெளிக்காற்று? ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் −95. சென்னையில் சட்டை முதுகில் ஒட்டும் 75 சதவீத ஈரப்பதத்தில்கூட சுமார் −40. மண்ணுக்கும் இலைக்கும் இடையே இருப்பது சின்னச் சரிவு, இலைக்கும் காற்றுக்கும் இடையே கிணறு மாதிரி பள்ளம். செடி அந்தக் கிணற்றின் விளிம்பில் நின்றுகொண்டு இலைத்துளைகளைத் திறந்து மூடி வாழ்கிறது. அந்தத் துளையைத் திறப்பதும் விறைப்பழுத்தமே: துளையின் இருபுறமும் இருக்கும் காப்புச் செல்கள் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கின்றன, திறன் இறங்குகிறது, தண்ணீர் நுழைகிறது, செல்கள் வளைந்து துளை திறக்கிறது.

வேரிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுபோகும் சைலம் குழாய்க்குள் நடப்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. அங்கே கரைந்திருப்பது கொஞ்சம்தான், அதனால் கரைபொருள் திறன் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். ஆனாலும் மொத்தத் திறன் −1க்குப் போகிறது என்றால் அழுத்தத் திறனே மைனஸ். அதாவது தண்ணீர் அமுக்கப்படவில்லை, இழுத்துக்கட்டிய கயிறு மாதிரி விறைத்து நிற்கிறது. இலையில் ஆவியாகும் நீர் மேலிருந்து இழுக்க, மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொண்டு ஏறுகின்றன என்று 1894ல் டிக்ஸனும் ஜோலியும் சொன்னபோது பலர் நம்பவில்லை. நம் ஜகதீஷ் சந்திர போஸ், செல்கள் இதயம் போலத் துடித்துச் சாற்றை ஏற்றுகின்றன என்றார்; அது நிலைக்கவில்லை.

1960களில் ஷோலாண்டர் ஓர் அழுத்தக் கலத்தைக் கொண்டு இதை அளந்தார். ஒரு சிறு கொப்பை வெட்டினால் இழுபட்டுக்கொண்டிருந்த தண்ணீர் வெட்டுவாயிலிருந்து உள்ளே பின்வாங்கும். இலைப்பகுதியைக் கலத்துக்குள் அடைத்து, வெட்டிய முனையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, உள்ளே வாயு அழுத்தத்தை ஏற்ற வேண்டும். வெட்டுவாயில் சாறு மறுபடி எட்டிப்பார்க்கும்போது காட்டும் அழுத்தம்தான் முன்பு இருந்த இழுவிசை. உயரமான டக்ளஸ் ஃபிர் மரங்களின் உச்சிக் கொப்புகளைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தி அளந்தார்கள். அலையாத்தி மரங்களையும் விடவில்லை. கடல்நீரின் திறனே சுமார் −2.5, அதில் வேரூன்றி நிற்கும் மரம் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றால் அதைவிடப் பள்ளமாக இருந்தாக வேண்டும். அளவீடும் அப்படித்தான் வந்தது, −3க்கும் கீழே. பிச்சாவரத்தில் படகில் போகும்போது பச்சைப்பசேல் என்று நிற்கிறதே என்று பார்க்கிறோம். ஒவ்வொரு மரமும் நம் தென்னையால் நினைத்தும் பார்க்க முடியாத இழுப்பை இழுத்துக்கொண்டு நிற்கிறது.

பெரும்பாலான பயிர்களுக்கு மண் −1.5 வரை காய்ந்தால் நிரந்தர வாடல் எல்லை. ஆனால் மண் காயாமலே அந்த எல்லைக்குக் கொண்டுபோக முடியும். நான் செய்திருக்கிறேன். மாடியில் ஒரு ரோஜாத் தொட்டி, இரண்டு வருடமாக நன்றாகப் பூத்துக்கொண்டிருந்தது. இன்னும் பூக்கட்டும் என்று ஒரு கைப்பிடி யூரியாவை அள்ளிப் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். வகுப்பில் இத்தனையும் பேசுகிறவன்தான். மறுநாள் மதியம் கொழுந்து தலைகவிழ்ந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து, தட்டில் வடியாத அளவுக்கு இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். மூன்றாம் நாள் இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. மண் தொட்டால் ஈரம், செடி தாகத்தில்.

அன்று சாயங்காலம்தான் கணக்குப் போட்டேன். கைப்பிடி என்பது ஐம்பது கிராம். யூரியா ஒரு மோல் 60 கிராம். தொட்டி மண்ணில் இருந்த தண்ணீர் இரண்டு லிட்டர் என்று தாராளமாக வைத்தாலும் லிட்டருக்கு 0.42 மோல், அதாவது −1.03 மெகாபாஸ்கல். யூரியா மண்ணில் உடைந்து அம்மோனியம் அயனிகளாக மாறும்போது துகள்கள் இன்னும் கூடும், அம்மோனியாவின் நஞ்சு வேறு. வேருக்கு வெளியே நானே ஒரு பள்ளம் தோண்டி வைத்திருந்தேன்.

ஒரு வாளி, இரண்டு வாளி என்று நான்கு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றி, தொட்டியின் அடித்துளை வழியாகக் கழுவி வடியவிட்டேன். கருகிய கிளைகளைக் கவாத்து செய்துவிட்டு நிழலுக்கு நகர்த்தி வைத்தேன். மூன்று வாரம் கழித்து அடித்தண்டிலிருந்து ஒரே ஒரு துளிர் வந்தது. அது ஒட்டுக்குக் கீழே இருந்து வந்த காட்டு ரோஜாத் துளிர் என்பது பிறகுதான் தெரிந்தது.